காமிக்ஸ் கான்ட்ராக்ட்ல கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி: எந்த வரிசையில படிக்கணும், எந்த வரியை அடிக்கச் சொல்லணும்

புதுசா காமிக்ஸ் வரையுற தம்பி தங்கச்சிங்க வாட்ஸ்அப்ல கான்ட்ராக்ட் பிடிஎஃப்பை அனுப்பிட்டு கேக்குறது பெரும்பாலும் ஒரே கேள்விதான், "அக்கா, பக்கத்துக்கு 800 ரூபா தர்றாங்களாம், ஓகேவா?" அந்த 800க்கு அவங்க எதை எடுத்துக்கறாங்கன்னு தெரியாம அது அதிகமா கம்மியான்னு எப்படிச் சொல்றது? அச்சடிக்க அனுமதி மட்டும் கேட்டா அது ஒரு விலை, கேரக்டரையே எழுதிக் கேட்டா அது வேற விலை.

என் முதல் புத்தகத்துக்கு நானும் பணம் போட்டிருந்த பக்கத்தை மட்டும்தான் ஒழுங்கா படிச்சேன். மூணு வருஷம் கழிச்சு அதே கேரக்டரை வச்சு ஒரு குட்டிக் கதை வரைஞ்சு போட்டப்போ பதிப்பகத்துலேர்ந்து "யார்கிட்ட அனுமதி வாங்கினீங்க"ன்னு மெயில் வந்துச்சு, கான்ட்ராக்டை எடுத்துப் பார்த்தா நாலாவது பக்கத்துல நான்தான் எல்லாத்தையும் எழுதிக் குடுத்திருக்கேன். அதுலேர்ந்து யார் கேட்டாலும் அவங்க கான்ட்ராக்டை உக்காந்து படிச்சுத் தர்றேன், எல்லாரும் தடுக்கி விழுற இடம் கிட்டத்தட்ட ஒண்ணாவே இருக்கு. இந்தியச் சட்டத்தை வச்சு அதை வரிசையா எழுதுறேன். பெரிய தொகை, சினிமா உரிமைன்னு வந்தா கண்டிப்பா வக்கீல்கிட்ட காட்டுங்க, ஆனா அவர்கிட்ட என்ன கேக்கணும்னு தெரிஞ்சுக்கிட்டுப் போங்க.

1. பதிப்பகத்துகிட்ட பேசுறதுக்கு முன்னாடியே முடிக்க வேண்டியது

கதை ஒருத்தர், ஓவியம் ஒருத்தர்னா முதல் ஒப்பந்தம் உங்க ரெண்டு பேருக்குள்ளதான். சட்டத்துல ஸ்கிரிப்ட் இலக்கியப் படைப்பு, ஓவியம் கலைப் படைப்பு, ரெண்டுக்கும் தனித்தனி காப்பிரைட். கேரக்டர் யாரோடது, வர்ற பணத்தை எப்படிப் பிரிக்கிறது, ஒருத்தர் விலகிட்டா இன்னொருத்தர் தொடரலாமா, இந்த மூணையும் ஒரு பக்கத்துல எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்க. நண்பன்தானேன்னு விட்டவங்கதான் அதிகம், பணம் வந்ததுக்கப்புறம் இதைப் பேச உக்காந்தா நட்பும் போயிடுது.

அடுத்தது ஆதாரம். ரஃப் ஸ்கெட்ச், தம்ப்நெயில், பென்சில், இன்க், லேயர் உள்ள ஒரிஜினல் ஃபைல் எல்லாத்தையும் தேதியோட ஒரு ஃபோல்டர்ல வைங்க, வெளிய யாருக்கும் லேயர் ஃபைல் அனுப்பாதீங்க. வரைஞ்ச நிமிஷத்துலயே காப்பிரைட் உங்களுக்கு வந்துடுது, ரிஜிஸ்டர் பண்ணணும்னு கட்டாயம் இல்ல. ஆனா பண்ணி வச்சா கோர்ட்ல முதல் ஆதாரமா எடுத்துப்பாங்க, ஒரு படைப்புக்கு 500 ரூபாதான், காப்பிரைட் ஆபீஸ் சைட்ல ஆன்லைன்லயே போடலாம். யாராவது ஆட்சேபம் சொல்றாங்களான்னு 30 நாள் காத்திருப்பாங்க, அதனால கடைசி நேரத்துல ஓடாதீங்க.

மூணாவது உத்யம் பதிவு, அதாவது குறு, சிறு தொழில் செய்றவங்களுக்கான அரசுப் பதிவு. இலவசம்தான். பக்க ரேட்டுக்கு வேலை செஞ்சு பில் போடுறவங்களுக்கு இது ரொம்ப முக்கியம், ஏன்னா 2006ல வந்த எம்எஸ்எம்இ சட்டப்படி குறு, சிறு தொழில் செய்றவங்க பில்லை அதிகபட்சம் 45 நாளுக்குள்ள செட்டில் பண்ணணும், தாண்டினா ரிசர்வ் வங்கியோட பேங்க் ரேட் மாதிரி மூணு மடங்கு வட்டி, அதுவும் மாசா மாசம் கூட்டு வட்டி. கான்ட்ராக்ட் போடுறதுக்கு முன்னாடியே பதிவு பண்ணிடுங்க, பிரச்சனை வந்ததுக்கப்புறம் போய் பதிவு பண்ணினா அதை வச்சே எதிர்த்தரப்பு வாதாடுவாங்க.

18 வயசு ஆகலைன்னா நீங்களா கையெழுத்துப் போடாதீங்க, இந்தியாவுல மைனர் போட்ட ஒப்பந்தம் செல்லாது. அம்மா அப்பாவைக் கூட உக்கார வச்சுப் பேசுங்க.

2. முதல் முறை படிக்கும்போது ஒரே ஒரு கேள்வி: விக்கிறேனா, வாடகைக்கு விடுறேனா

பிடிஎஃப் வந்ததும் பணம் இருக்குற பக்கத்துக்குப் போகாதீங்க. 'அசைன்' இல்லன்னா 'டிரான்ஸ்ஃபர்'ங்குற வார்த்தை எங்கெங்க வருதுன்னு தேடுங்க. அசைன்மென்ட்னா வீட்டை கிரயம் பண்ணிக் குடுக்குற மாதிரி, அந்த உரிமை உங்க கையை விட்டுப் போயிடும். லைசன்ஸ்னா வாடகை, வீடு உங்களோடதுதான், குறிப்பிட்ட காலத்துக்கு அவங்க இருந்துக்கலாம்.

இதை முதல்ல பாக்கச் சொல்றதுக்குக் காரணம், கிரயத்துக்கும் வாடகைக்கும் ஒரே தொகையைச் சொல்றாங்க. சூப்பர்மேனை உருவாக்கின ரெண்டு பேரும் 1938ல 130 டாலருக்கு முழு உரிமையையும் எழுதிக் குடுத்தாங்க, அது அந்த முதல் கதைக்கான பக்கக் கூலி மட்டும்தான். அந்த 13 பக்கக் கூலியோட கேரக்டரும் சேர்ந்து போயிடுச்சு.

நீங்க கேக்க வேண்டியது: புத்தகத்துக்கு லைசன்ஸ் தர்றேன், கேரக்டர், கதை உலகம், லோகோ, பேர் எல்லாம் என்கிட்டயே இருக்கும். அவங்க ஒத்துக்கலைன்னா உடனே எழுந்து வந்துட வேண்டியதில்ல, ஆனா அப்போ விலையும் வேற, காலமும் வேறன்னு பேசணும். ஒரு கவனம்: தலைப்புல 'லைசன்ஸ் ஒப்பந்தம்'னு போட்டுட்டு உள்ள 'நிரந்தரமா, திரும்பப் பெற முடியாதபடி, பிரத்யேகமா'ன்னு மூணு வார்த்தை சேர்த்திருப்பாங்க, அது பேருக்குத்தான் வாடகை.

3. 'வொர்க் ஃபார் ஹயர்'னு ஒரு வரி இருந்தா

காசு குடுத்து வேலை வாங்கினவங்களுக்கே முதல்லேர்ந்து காப்பிரைட்னு அர்த்தம், இது அமெரிக்கக் கான்ட்ராக்டைப் பார்த்து அப்படியே ஒட்டின வரி. நம்ம 1957 காப்பிரைட் சட்டத்துல பிரிவு 17ஐ பாருங்க. சம்பளத்துக்கு வேலை செய்ற ஊழியர் வேலையில வரைஞ்சா, வேற ஒப்பந்தம் இல்லாத வரைக்கும் முதல் உரிமை முதலாளிக்கு. ஃப்ரீலான்ஸரா வரையுறவர் ஊழியர் இல்ல, அதனால பொதுவா முதல் உரிமை வரைஞ்சவருக்குத்தான்.

ஆனா அதே பிரிவுல ஒரு விதிவிலக்கு இருக்கு, நிறைய பேருக்குத் தெரியாது. காசு குடுத்து ஒருத்தர் சொல்லி வரைஞ்ச பெயின்டிங், போர்ட்ரெய்ட்னா, வேற மாதிரி எழுதாத வரைக்கும் சொன்னவங்கதான் முதல் உரிமையாளர். அட்டைப்படத்தை பெயின்டிங்கா வரைஞ்சு குடுக்குறவங்க இதுல மாட்டிக்கலாம். அதனால "இந்த வேலையில வர்ற எல்லா ஓவியத்துக்கும் முதல் காப்பிரைட் உரிமையாளர் ஓவியரே"ன்னு ஒரு வரி எழுதி வாங்குங்க. அட்டைப்படம் மட்டும்தானேன்னு ஒப்பந்தமே இல்லாம வேலை ஆரம்பிச்சீங்கன்னா அந்த ஒரு வரி இல்லாம போயிடும்.

4. ரெண்டாவது முறை படிக்கும்போது ஒரு கட்டம் போடுங்க

ஒரு பேப்பர்ல அஞ்சு கட்டம் போட்டு எழுதுங்க: எந்த உரிமை, எத்தனை வருஷம், எந்த நாடு, எந்த மொழி, எந்த மீடியா. கான்ட்ராக்ட்ல இருக்குறதை அதுல நிரப்புங்க. எந்தக் கட்டத்துல 'எல்லாம்', 'உலகம் முழுக்க', 'நிரந்தரம்'னு வருதோ அங்கதான் பேசணும். தலைக்குள்ளயே வச்சுக்கிட்டுப் படிச்சா கண்டிப்பா ஒண்ணு நழுவும், எனக்கும் நழுவியிருக்கு.

சட்டமே உங்களுக்குக் கொஞ்சம் துணைக்கு நிக்குது. பிரிவு 19 சொல்றது: அசைன்மென்ட் எழுத்துல, கையெழுத்தோட இருக்கணும். எத்தனை வருஷம்னு எழுதலைன்னா 5 வருஷம்னு எடுத்துக்கணும். எந்த நாடுன்னு எழுதலைன்னா இந்தியா மட்டும். வாங்கின உரிமையை ஒரு வருஷத்துக்குள்ள அவங்க பயன்படுத்தலைன்னா அந்த உரிமை காலாவதி ஆயிடும், ஒப்பந்தத்துல வேற மாதிரி எழுதாத வரைக்கும். லைசன்ஸுக்கும் இதே விதிகள் பொருந்தும்னு பிரிவு 30ஏ சொல்லுது.

அந்த "வேற மாதிரி எழுதாத வரைக்கும்"ங்குறதுதான் ஓட்டை. "பிரிவு 19(4) இந்த ஒப்பந்தத்துக்குப் பொருந்தாது"ன்னு கடைசிப் பக்கங்கள்ல ஒரு வரி வரும், 19(4)ங்குறது அந்த ஒரு வருஷ விதிதான், வெறும் நம்பரா இருக்குறதால யாரும் நின்னு படிக்கிறதில்ல. அந்த ஒரு வரியால உங்க அனிமேஷன் உரிமையை வாங்கி பீரோவுல வச்சுப் பூட்டிட்டு அவங்க எத்தனை வருஷம் வேணா சும்மா இருக்கலாம். முதல்ல அடிக்கச் சொல்ல வேண்டிய வரி இதுதான்.

மீடியா கட்டத்துக்கு இன்னொரு விஷயம். 2012 திருத்தத்துக்கு அப்புறம், கையெழுத்துப் போடுற நேரத்துல புழக்கத்துலயே இல்லாத ஒரு புது மீடியத்துக்கு, அதைக் குறிப்பிட்டு எழுதியிருந்தா தவிர அசைன்மென்ட் செல்லாது. "இனிமே கண்டுபிடிக்கப்போற எல்லா வடிவத்துக்கும்"னு இருந்தா அதைக் காட்டி நீக்கச் சொல்லுங்க. ஏஐ மாடலுக்குப் பயிற்சி குடுக்க படத்தைப் பயன்படுத்தக் கூடாதுன்னு தனியா ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்க, கேக்காம யாரும் சேர்க்க மாட்டாங்க.

புதுசா வர்றவங்களுக்கு நான் சொல்ற அளவு: ஒரு புத்தகம், தமிழ், அச்சு, இந்தியா, 3லேர்ந்து 5 வருஷம். ஈபுக்கும் வேணும்னா அதுக்குத் தனி ராயல்டி. மொழிபெயர்ப்பு, அனிமேஷன், சினிமா, பொம்மை, டீஷர்ட் எதுவும் இதுக்குள்ள வராது, வேணும்னா அப்போ வந்து பேசட்டும்.

5. இப்போ பணம்

முதல்ல உங்க நாளைக் கணக்குப் போடுங்க. 96 பக்கம், பக்கத்துக்கு பென்சில், இன்க், கலர், லெட்டரிங் எல்லாம் சேர்த்து ரெண்டு நாள்னு வைங்க, 192 நாள் ஆகுது. மொத்தமா 50,000னு சொன்னா ஒரு நாளைக்கு 260 ரூபா. மொத்தத் தொகையாக் கேக்கும்போது பெருசாத் தெரியும், அதனாலதான் நாளால வகுத்துப் பாக்கச் சொல்றேன்.

ராயல்டின்னா எதுல சதவீதம்னு பாருங்க. 300 ரூபா புத்தகத்துக்கு எம்ஆர்பில 10%னா காப்பிக்கு 30 ரூபா. அதே 10% "பதிப்பகம் பெறும் தொகையில"ன்னு இருந்து, கடைக்கு 40% கழிவு போச்சுன்னா 180ல 10%, 18 ரூபாதான். ஆயிரம் காப்பிக்கு 12,000 ரூபா வித்தியாசம். "நிகர லாபத்துல"ன்னு இருந்தா இன்னும் மோசம், பிரின்டிங், கிடங்கு வாடகை, புத்தகக் காட்சி ஸ்டால் செலவுன்னு கழிச்சுக்கிட்டே போனா ஒண்ணும் மிஞ்சாது, அந்தக் கணக்கை நீங்க சரிபார்க்கவும் முடியாது. எம்ஆர்பிதான் புத்தகத்துக்குப் பின்னாடியே அச்சாகியிருக்கு, அதுல யாரும் விளையாட முடியாது, அதனால எம்ஆர்பியையே கேளுங்க. கதாசிரியரோட பிரிக்கணும்னா அந்த 30ல உங்க பங்கு என்னன்னும் பார்த்துக்கோங்க.

அட்வான்ஸ்னா ராயல்டியில கழிச்சுக்குவாங்க, அது சரிதான். ஆனா புத்தகம் விக்கலைன்னா அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டியதில்லன்னு எழுதி இருக்கணும். பணம் வர்ற தேதியை "வெளியீட்டுக்குப் பிறகு"ன்னு வைக்காதீங்க, ஜனவரி புத்தகக் காட்சிக்கு வரும்னு சொன்ன புத்தகம் அடுத்த ஜனவரிக்குத் தள்ளிப்போனா உங்க காசும் கூடவே போகும். கையெழுத்துக்கு ஒரு பங்கு, பென்சில் முடிஞ்சதும் ஒரு பங்கு, ஃபைனல் ஃபைல் குடுக்கும்போது மீதின்னு பிரிங்க. வேலையை நடுவுல நிறுத்தினா அதுவரைக்கும் வரைஞ்ச பக்கத்துக்கு முழுக் காசு, திருத்தம் ரெண்டு தடவை மட்டும், மூணாவதுலேர்ந்து தனி ரேட், இதையும் எழுதுங்க.

எத்தனை காப்பி அடிச்சாங்க, எத்தனை வித்துச்சுங்குற கணக்கு ஆறு மாசத்துக்கு ஒருதடவை வரணும், உங்க ஆடிட்டர் கணக்கைப் பாக்கலாம்னு ஒரு வரி வேணும். ராயல்டியில டிடிஎஸ், அதாவது முன்கூட்டியே பிடிக்கிற வருமான வரி, பிடிச்சா உங்க பான் கணக்குல ஏறியிருக்கான்னு இன்கம் டாக்ஸ் சைட்ல பாருங்க. பிடிச்சுட்டுக் கட்டாம விடுறவங்களும் இருக்காங்க.

6. திரும்பி வர்ற வழி

'ஸ்டாக் தீர்ந்துட்டா உரிமை ஓவியருக்குத் திரும்பும்'னு ஒரு வரியைப் பார்த்துட்டு நிம்மதி ஆயிடாதீங்க. வாட்ச்மென் காமிக்ஸோட கான்ட்ராக்ட்லயும் அச்சுல இல்லாம போனா உரிமை படைப்பாளிகளுக்குத் திரும்பும்னு இருந்துச்சு, 1987க்கு அப்புறம் அது புத்தகமா அச்சுலயே இருந்துக்கிட்டு இருக்கு, உரிமை திரும்பவே இல்ல. இப்போ ஈபுக்கும், ஆர்டர் வந்தா மட்டும் அச்சடிக்கிற பிரின்ட் ஆன் டிமாண்டும் வந்துட்டதால எந்தப் புத்தகமும் 'தீர்ந்துபோறதே' கிடையாது.

அதனால விற்பனையை வச்சு எழுதச் சொல்லுங்க: தொடர்ந்து 12 மாசத்துல 100 அச்சுக் காப்பிக்குக் கீழ வித்தா, நான் எழுதிக் கேட்ட 60 நாள்ல உரிமை தானாவே திரும்பும். 100ங்குறது பேசி முடிவு பண்ணிக்கலாம், நம்பர்னு ஒண்ணு இருக்கணும், அதுதான் விஷயம். கூடவே, ஃபைனல் ஃபைல் வாங்கி 12 மாசத்துல வெளியிடலைன்னா ஒப்பந்தம் முடிஞ்சுது, வாங்கின காசு எனக்கே. ராயல்டி ரெண்டு தவணை வரலைன்னாலும் அப்படியே.

பேப்பர்ல வரையுறவங்க ஒரிஜினல் பக்கங்கள் ஸ்கேன் முடிஞ்சு 30 நாள்ல திரும்பி வரணும்னு சேர்த்துக்கோங்க. காப்பிரைட் உங்ககிட்ட இருந்தாலும் பேப்பர் அவங்ககிட்ட மாட்டிக்கிட்டா வாங்குறது பெரிய போராட்டம், நான் அலைஞ்சிருக்கேன்.

7. சின்ன எழுத்துல இருக்குறது

அடுத்த படைப்பு முதல்ல எங்களுக்குத்தான்னு ஒரு ஷரத்து வரும். அதை முழுசா எடுக்க மாட்டோம்னு அவங்க சொன்னா, இதே கேரக்டரோட அடுத்த புத்தகத்துக்கு மட்டும், 30 நாள்ல பதில் சொல்லணும், விலை புதுசாப் பேசணும்னு சுருக்குங்க. "இதே விலைக்கு"ன்னு இருந்தா கண்டிப்பா அடிக்கணும்.

வேற பதிப்பகத்துக்கு வரையக் கூடாதுன்னு இருந்தா: ஒப்பந்தம் முடிஞ்சதுக்கப்புறமும் தொழில் செய்ய விடாம தடுக்குற ஷரத்து 1872 ஒப்பந்தச் சட்டம் பிரிவு 27படி செல்லாது. ஆனா ஒப்பந்தக் காலத்துக்குள்ள போடுற தடையை கோர்ட் ஏத்துக்கலாம், அதனால பேசாம விடாதீங்க.

பேர் போடுறதும் படத்தைச் சிதைக்காம இருக்குறதும் பிரிவு 57ல வருது, காப்பிரைட்டை வித்தாலும் அந்த உரிமை படைச்சவர்கிட்டயே நிக்கும். டெல்லி விஞ்ஞான் பவன்லேர்ந்து தன் சுவர்ச்சிற்பத்தைப் பேத்து எடுத்ததுக்கு அமர்நாத் சேகல் வழக்குப் போட்டு 2005ல டெல்லி ஹைகோர்ட்ல ஜெயிச்சது இந்தப் பிரிவை வச்சுத்தான். இதைத்தான் தார்மீக உரிமைன்னு சொல்வாங்க, "ஓவியர் தன் தார்மீக உரிமைகளை விட்டுக்குடுக்கிறார்"னு வர்ற வரியை எடுக்கச் சொல்லுங்க. அட்டையில பேர், உள்பக்கத்துல பேர், விளம்பரத்துல பேர்னு இடத்தோட எழுதுங்க.

நஷ்டஈடு ஷரத்துல "எந்த வழக்கு வந்தாலும் ஓவியர் பொறுப்பு"ன்னு இருக்கும். நான் வேற யார்கிட்டயாவது காப்பி அடிச்சிருந்தா மட்டும்தான் என் பொறுப்பு, அதுவும் நான் வாங்கின தொகை வரைக்கும்னு மாத்துங்க, இல்லன்னா 50,000 வாங்கிட்டு லட்சக்கணக்குல கட்ட வேண்டி வரலாம்.

வழக்கு எந்த ஊர்லன்னு பாருங்க. மதுரையில இருக்குறவங்க டெல்லிக்குப் போய் வழக்கு நடத்த முடியாது, அது தெரிஞ்சுதான் போடுறாங்க. ஆர்பிட்ரேட்டரை, அதாவது கோர்ட்டுக்குப் பதிலா தகராறைத் தீர்த்து வைக்கிறவரை, அவங்களே நியமிப்பாங்கன்னு இருந்தா, தகராறுல சம்பந்தப்பட்ட தரப்பே தனியா ஒரே ஆர்பிட்ரேட்டரை நியமிக்கக் கூடாதுன்னு சுப்ரீம் கோர்ட் 2019லயே சொல்லிடுச்சுன்னு எடுத்துச் சொல்லலாம்.

போட்டிகளுக்கு அனுப்புறவங்க விதிமுறையையும் இதே கண்ணோட படிங்க. "அனுப்பப்படும் அனைத்துப் படைப்புகளும் நிறுவனத்தின் சொத்து"ன்னு இருந்தா, பரிசே வாங்காதவங்க படமும் அதுல அடங்கும். அந்த மாதிரிப் போட்டிக்கு உங்க முக்கியமான கேரக்டரை அனுப்பவே அனுப்பாதீங்க.

8. மாத்தம் கேக்குற மெயில்

போன்ல பேசினாலும் அன்னைக்கே மெயில்ல எழுதுங்க, ஏன்னா "அதெல்லாம் ஃபார்மாலிட்டிம்மா, நாங்க யூஸ் பண்ண மாட்டோம்"னு போன்ல சொன்னது கையெழுத்துப் போட்டதுக்கப்புறம் எங்கயும் இருக்காது. நீளமா புலம்ப வேண்டாம், கோபமும் வேண்டாம். இப்படி எழுதினா போதும்:

"வணக்கம் சார். ஒப்பந்தம் படிச்சேன், சேர்ந்து வேலை செய்ய ரொம்ப ஆர்வமா இருக்கேன். மூணு மாத்தம் வேணும். ஷரத்து 4: அசைன்மென்ட்டுக்குப் பதிலா 5 வருஷ லைசன்ஸ், தமிழ் அச்சுப் பதிப்புக்கு மட்டும். ஷரத்து 9: ராயல்டி எம்ஆர்பி அடிப்படையில. ஷரத்து 14: பிரிவு 19(4) பத்தின வரியை நீக்கணும். மாத்தின பிரதியை அனுப்பினா இந்த வாரமே கையெழுத்துப் போட்டுடுறேன்."

மூணு நாலு மாத்தத்துக்கு மேல ஒரே தடவையில கேக்காதீங்க, இருபது கேட்டா அவங்க முக்கியமானதை விட்டுட்டு சின்னதா ரெண்டு குடுத்து முடிச்சுடுவாங்க. உரிமை, காலம், திரும்பி வர்ற வழி, ராயல்டி அடிப்படை, இந்த வரிசையில பிடிங்க. "நாளைக்குள்ள கையெழுத்து வேணும்"னு அவசரப்படுத்தினா ஒரு வாரம் வேணும்னு கேளுங்க. ஒரு வாரம்கூட தர மாட்டேன்னு சொல்றவங்க அடுத்த அஞ்சு வருஷம் உங்களுக்கு ஒழுங்கா கணக்குக் காட்டுவாங்கன்னு எனக்கு நம்பிக்கை இல்ல.

கையெழுத்துப் போடும்போது ஒவ்வொரு பக்கத்துலயும் ரெண்டு தரப்பும் போடணும், அவங்க கையெழுத்துப் போட்ட ஒரு பிரதி அன்னைக்கே உங்க கையில இருக்கணும். "போட்டு அனுப்புங்க, நாங்க அப்புறம் போட்டு அனுப்புறோம்"னு சொல்லி வராமலே போன பிரதிகளை நிறைய பார்த்திருக்கேன்.

9. ஏற்கெனவே போட்டாச்சுன்னா

முதல்ல பயப்படாதீங்க, கான்ட்ராக்டை எடுத்து தேதியைப் பாருங்க. காலம் எழுதலையா? 5 வருஷம் தாண்டிடுச்சான்னு பாருங்க. வாங்கின உரிமையில எதையாவது ஒரு வருஷமா தொடவே இல்லையா, 19(4)ஐத் தள்ளி வைக்கிற வரியும் இல்லையா? அப்போ அந்த உரிமை காலாவதி ஆயிருக்கலாம். இந்த ரெண்டுல ஒண்ணு பொருந்தினா எந்தப் பிரிவு, எந்தத் தேதின்னு குறிப்பிட்டு மெயில்லயும் அக்னாலெட்ஜ்மென்ட்டோட ஸ்பீட் போஸ்ட்லயும் கடிதம் அனுப்புங்க.

விதிமுறைகள் ரொம்பக் கொடூரமா இருந்தா பிரிவு 19ஏ இருக்கு, அசைன்மென்ட்டையே ரத்து பண்ணக் கேக்கலாம், ஆனா கையெழுத்துப் போட்ட தேதியிலேர்ந்து 5 வருஷத்துக்குள்ள ரத்து உத்தரவு தர முடியாது. பணம் பாக்கின்னா மூணு வருஷத்துக்குள்ள வழக்குப் போடணும், "அடுத்த மாசம் தர்றோம்"னு இழுத்துக்கிட்டே அந்த மூணு வருஷத்தையும் ஓட்டிடுவாங்க, கவனமா இருங்க. உத்யம் பதிவு இருக்குறவங்க பில் பாக்கிக்கு எம்எஸ்எம்இ அமைச்சகத்தோட ஆன்லைன் போர்ட்டல்ல புகார் குடுக்கலாம்.

வக்கீலுக்குக் காசு இல்லன்னா மாவட்ட கோர்ட் வளாகத்துல இருக்குற சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்க, பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர், வருமானம் குறைஞ்சவங்க எல்லாருக்கும் இலவச வக்கீல் உண்டு, 15100க்கு போன் பண்ணியும் கேக்கலாம். போகும்போது கான்ட்ராக்ட், அவங்க அனுப்பின மெயில் எல்லாம், பேங்க் ஸ்டேட்மென்ட், தேதியோட இருக்குற அந்த ஸ்கெட்ச் ஃபோல்டர், எல்லாத்தையும் பிரின்ட் எடுத்து தேதி வரிசையில அடுக்கிக் கொண்டுபோங்க. மேல சொன்ன அஞ்சு கட்டம் போட்ட பேப்பரையும் முதல் பக்கமா வைங்க, அதைப் பார்த்தாலே வக்கீலுக்கு அஞ்சு நிமிஷத்துல விஷயம் புரிஞ்சுடும்.